மிதக்கும் காந்தம் கிட்: தட்டுக்கு நாலரை, கையேட்டுக்கு ஒன்று

முதலில் மார்க்கைப் போட்டுவிடுகிறேன், அவசரமாக வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். கருப்புத் தட்டுக்கு ஐந்துக்கு நாலரை. காந்தத்துக்கு நாலு. பெட்டியில் வந்த இடுக்கிக்கு பூஜ்யம். கையேட்டுக்கு ஒன்று, அதிலும் பாதி அச்சு பளபளவென்று இருக்கிறது என்பதற்காக. இந்த விமர்சனம் நீண்டுபோகக் காரணம் அந்தக் கையேடுதான்.

வாங்கியது எங்கள் கல்லூரி எம்.எஸ்சி. இயற்பியல் லேபுக்கு. மீக்கடத்தி, அதாவது சூப்பர்கண்டக்டர் (போதுமான அளவு குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் போகிற பொருள்) டெமோ கிட். இரண்டு யிட்ரியம் பேரியம் செம்பு ஆக்சைடு தட்டுகள் (உலோக அணுக்களின் விகிதத்தை வைத்து ஒன்று-இரண்டு-மூன்று என்று செல்லமாகச் சொல்வோமே, அதேதான்), அதில் ஒன்று வெறும் தட்டு, இன்னொன்றில் நான்கு கம்பிகளும் வெப்பநிலை அளக்க ஒரு தெர்மோகப்பிளும் ஒட்டியிருக்கும். சிறிய நியோடிமியம் காந்தம் ஒன்று, தெர்மோகோல் கிண்ணம், இடுக்கி, கையேடு. சுங்கம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ரூ.32,000. மூன்று கொட்டேஷன் வாங்கு, ஒப்பீட்டுப் பட்டியல் போடு, முதல்வர் கையெழுத்து, செயலர் கையெழுத்து என்று நாலு மாதம் போனது. ஆர்டர் போட்டபின் வந்து சேர்ந்தது பன்னிரண்டே நாளில். விற்பனையாளர் பெயரைச் சொல்லப்போவதில்லை, இதே மாதிரி கிட்டை நாலைந்து பேர் விற்கிறார்கள், நான் பார்த்தவரை கையேடுகள் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

பெட்டியில் வராத முக்கியமான பொருள் திரவ நைட்ரஜன். அதற்கு நீங்கள்தான் அலைய வேண்டும். எங்கள் ஊர் கால்நடை மருத்துவர் எனக்குப் பழக்கம், சினை ஊசிக் குச்சிகள் வைக்கிற பழைய நைட்ரஜன் கேன் ஒன்றைக் கடன் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு பக்கத்து நகரத்து கேஸ் ஏஜென்சியில் நிரப்பி, ஆம்னி வேனில் ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு வந்தோம். ஜன்னல் விஷயம் விளையாட்டில்லை. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. மூடிய வண்டி, மூடிய அறை, இறுக்கி மூடிய பாட்டில் மூன்றும் கூடாது. இதைக் கையேடு ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது, அந்த ஒரு மார்க்கில் பாதி இதற்கு.

தட்டை கிண்ணத்தில் வைத்து நைட்ரஜனை ஊற்றினால் முதலில் ஒரே கொதிப்பு, வெள்ளைப் புகை. அது அடங்கியபின் காந்தத்தை மேலே கொண்டுபோய் விட்டால் நிற்கிறது. அந்தரத்தில். சுண்டிவிட்டால் சுற்றுகிறது. இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன், இதைப் படத்தில்தான் காட்டியிருந்தேன், நேரில் பார்த்தபோது எனக்கே வாய் திறந்துதான் இருந்தது. லேப் உதவியாளர் அண்ணன் ஒரு காகிதத்தை காந்தத்துக்கும் தட்டுக்கும் நடுவே விட்டு எடுத்து, நூல் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிக்கிறது, இந்தப் பொருள் 92, 93 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாகிவிடும், ஆகவே பதினைந்து டிகிரி கைவசம் இருக்கிறது, அவசரப்படாமல் காட்டலாம். ஒரு எச்சரிக்கை: இது பொடியை அழுத்திச் சுட்டெடுத்த தட்டு, உருக்கி ஒரே பெரிய படிக மணியாக வளர்த்த வகை இல்லை. காந்தம் சில மில்லிமீட்டர் உயரத்தில்தான் மிதக்கும். தட்டைத் தலைகீழாகப் பிடித்தாலும் காந்தம் விழாமல் தொங்குகிற வீடியோக்களை நம்பி வாங்காதீர்கள், அதற்கு உருக்கி வளர்த்த தட்டு வேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும்.

இடுக்கி. எஃகு இடுக்கி! நியோடிமியம் காந்தத்தை எடுத்து வைப்பதற்கு! முதல் டெமோவில் காந்தம் இடுக்கியைக் கவ்வியது, உதறினேன், அது மேசை விளிம்பில் மோதி மூலை பெயர்ந்தது. அன்றிலிருந்து இரண்டு மூங்கில் குச்சிகள்தான் எங்கள் இடுக்கி.

சரி, கையேடு. மொத்தம் பன்னிரண்டு பக்கம். ஐந்தாம் பக்கத்தில் 'ஏன் இப்படி நடக்கிறது' என்று தலைப்பு, கீழே வண்ணப்படம்: ஒரு பஞ்சு மெத்தை, அதில் இரண்டு குண்டுகள், முதல் குண்டு உண்டாக்கிய பள்ளத்தில் இரண்டாவது உருண்டு வருகிறது. எலக்ட்ரான் போகும்போது படிக அணிக்கோவையிலுள்ள (அணுக்கள் வரிசையாக அடுக்கிய சட்டம்) நேர்மின் அயனிகளைத் தன் பக்கம் லேசாக இழுக்கிறது, அந்த நெளிவு இன்னொரு எலக்ட்ரானை ஈர்க்கிறது, இரண்டும் ஜோடி சேர்ந்து தடையில்லாமல் ஓடுகின்றன, 'உங்கள் கையிலுள்ள தட்டிலும் இதுவேதான் நடக்கிறது'. இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது.

மெத்தைக் கதையே பொய் என்று சொல்லவில்லை. பாதரசம், ஈயம், அலுமினியத்துக்கு அது அழகான கதை, பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் 1957-ல் கணக்காகவே போட்டுக் காட்டியது, 1972-ல் நோபல் வாங்கியது. ஆனால் அதைக்கூடக் கையேடு அரைகுறையாகத்தான் சொல்கிறது. இரண்டு எலக்ட்ரானும் எதிர்மின், கிட்டே வந்தால் தள்ளிக்கொள்ளும், பிறகு எப்படி ஒரே பள்ளத்தில் உட்காரும்? வகுப்பில் நான் நார்க்கட்டிலைத்தான் சொல்வது. பழைய கட்டிலில் உட்கார்ந்து எழுந்துபோனால் கயிறு உடனே மேலே வராது, கொஞ்ச நேரம் தொய்ந்தே கிடக்கும், அந்தத் தொய்விலே அடுத்தவர் வந்து உட்காருகிறார். முதல் ஆள் அதற்குள் தெருமுனைக்குப் போயிருப்பார். அயனி கனமானது, மெதுவாகத்தான் திரும்பும், எலக்ட்ரான் வேகம் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில், அதனால் அயனி ஒரு முறை ஆடி முடிப்பதற்குள் எலக்ட்ரான் ஏறக்குறைய நூறு நானோமீட்டர் தள்ளிப்போய்விடும். சண்டைக்காரர்கள் நேருக்கு நேர் பார்க்காமலே ஒரே கட்டிலைப் பகிர்ந்துகொள்கிற ஏற்பாடு. ஈயத்தில் ஒரு ஜோடியின் அளவு எண்பது நானோமீட்டர் வரை, அலுமினியத்தில் ஆயிரத்தையும் தாண்டும். நம் கருப்புத் தட்டில்? செம்பு-ஆக்சிஜன் தளத்துக்குள் ஒன்றரை, இரண்டு நானோமீட்டர். நாலைந்து அணு தூரம். தெருமுனைக்குப் போக இங்கே தெருவே இல்லை.

அதற்கும் மேலே ஒரு சிக்கல். இந்தப் பொருளில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் திரிகிறவை அல்ல. ஆக்சிஜனை நன்றாகக் குறைத்துச் சுட்ட ஒன்று-இரண்டு-மூன்று மின்சாரத்தையே கடத்தாது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது என்று வைத்துக் கணக்குப்போடுகிற பாடப்புத்தகப் பட்டைக் கொள்கைப்படி பாதி நிரம்பிய பட்டை, அது உலோகமாக இருக்க வேண்டும், ஆனால் மின்காப்பு. மினிபஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்: சீட்டுக்கு ஒருவர், எல்லா சீட்டிலும் ஆள், மடியில் உட்கார யாரும் விடமாட்டார்கள். இருவர் உட்காரலாம் என்று கணக்குப் போட்டால் பஸ் பாதி காலி, நிஜத்தில் ஒருவரும் நகர முடியாது. மாட் மின்காப்பு என்பது இதுதான். நிக்கல் ஆக்சைடில் இந்தக் குழப்பத்தை டி போயரும் வெர்வேயும் 1937-லேயே சுட்டிக்காட்டியிருந்தார்கள். செம்பில் மடியில் உட்காருவதற்கான அபராதம் எட்டு எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கிற அலகு) அளவு. அணிக்கோவை அதிர்வின் ஒரு துணுக்கு, அதாவது போனான், இந்தப் பொருளில் அதிகம் போனால் 0.08 எலக்ட்ரான் வோல்ட்தான். நூறு மடங்கு வித்தியாசம். நூறு ரூபாய் அபராதத்தை ஒரு ரூபாய் லஞ்சத்தில் சரிக்கட்டிவிடலாம் என்கிறது கையேடு.

இதை வெறும் வாய்ச்சண்டையாக விடாமல் சோதித்துப் பார்க்க ஐசோடோப்பு (அதே தனிமம், அணுவின் நிறை மட்டும் வேறு) ஒரு நல்ல வழி. அயனியின் நிறையை மாற்றினால் அதிர்வின் வேகம் மாறும், அப்போது மாறுநிலை வெப்பமும் (எந்த வெப்பநிலைக்குக் கீழே மீக்கடத்தியாகிறதோ அது) மாற வேண்டும். 1950-ல் பாதரசத்தில் பார்த்தார்கள், நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் கச்சிதமாக மாறியது. 1987-ல் ஒன்று-இரண்டு-மூன்று தட்டில் ஆக்சிஜன்-16-ஐ எடுத்துவிட்டு ஆக்சிஜன்-18 ஏற்றிப் பார்த்தார்கள். ஜோடி சேர்ப்பது முழுக்க ஆக்சிஜன் அதிர்வுதான் என்றால் 92 கெல்வின் 87-க்கு இறங்கியிருக்க வேண்டும், கால்குலேட்டர் இருந்தால் நீங்களே போட்டுப் பாருங்கள். இறங்கியது அரை கெல்வினுக்கும் குறைவு. இந்த ஒரு தகவலைக் கையேட்டில் இரண்டு வரி போட்டிருந்தால் நான் இந்த விமர்சனமே எழுதியிருக்க மாட்டேன்.

இனி அந்தக் கம்பி வைத்த தட்டு, கிட்டின் நிஜமான மதிப்பு இதில்தான். வெளிக் கம்பிகள் இரண்டில் மின்னோட்டம், உள் கம்பிகள் இரண்டில் மின்னழுத்தம். தடை மில்லி ஓம் கணக்கில் வரும், சாதாரண மல்டிமீட்டரில் ஒன்றும் தெரியாது, மைக்ரோவோல்ட் படிக்கிற மீட்டர் வேண்டும், அதைக் கடைக்காரர் விளம்பரத்தில் சொல்லவில்லை (கால் மார்க் கழிவு). நைட்ரஜன் மட்டத்துக்கு மேலே தட்டைத் தொங்கவிட்டு மெதுமெதுவாக இறக்கினோம். மாணவர்கள் வரைந்த கோடு அறை வெப்பத்திலிருந்து ஏறக்குறைய நேர்கோடாக இறங்கி, எங்கள் தெர்மோகப்பிள் கணக்குப்படி 90-ஐ ஒட்டிச் சடாரென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. கைத்தட்டல். ஒரு மாணவி மட்டும் தட்டவில்லை.

"சார், இந்த நேர்கோடு போனான் சிதறல்தானே? செம்புக் கம்பியிலயும் இப்படித்தானே வரும்?"

நல்ல கேள்வி, கையேட்டு ஆசிரியருக்குத் தோன்றாத கேள்வி. செம்புக் கம்பிச் சுருள் ஒன்றை எடுத்து நைட்ரஜனில் முக்கச் சொன்னேன். வெப்பத்துக்கு நேர்விகிதம் என்றால் தடை நாலில் ஒன்றாக வேண்டும், ஆனால் வந்தது ஏறக்குறைய எட்டில் ஒன்று. குளிரக் குளிர அதிர்வுகள் உறைந்துபோகின்றன, எலக்ட்ரானை இடறிவிட ஆளில்லை, தடை நேர்கோட்டைவிட வேகமாக விழுகிறது. குப்ரேட்டுகளில், அதாவது நம் தட்டு மாதிரி செம்பு ஆக்சைடுகளில், அப்படி இல்லை. பிஸ்மத் கலந்த குப்ரேட் ஒன்றில் 10 கெல்வின் பக்கத்திலிருந்து 700 கெல்வின் வரை ஒரே நேர்கோடு அளந்திருக்கிறார்கள். 10 கெல்வினில் ஏது அவ்வளவு போனான்? ஆக இந்தக் கோட்டை வரைகிறது வேறு ஏதோ, எலக்ட்ரான்கள் தங்களுக்குள் இடித்துக்கொள்வது அதில் பெரும்பங்கு என்பது பலருடைய எண்ணம். எங்கள் தட்டு சுட்ட மண்பாண்டம் மாதிரி, மணிகளின் எல்லைகளும் தடையைக் கூட்டும், அதனால் எங்கள் கோட்டை வைத்து யாரும் கட்டுரை எழுத முடியாது. ஆனால் இரண்டு மணி நேர லேபில் இந்த உரையாடல் நடந்ததே, அதற்கு ரூ.32,000 தகும்.

இத்தனையும் கேட்டுவிட்டு, அப்போ அணிக்கோவைக்கு இதில் வேலையே இல்லை என்று முடிவுகட்டுகிறவர்களும் உண்டு. என் துறையிலேயே ஒருவர். பாஸ்கரன் 1987-லேயே அமெரிக்க இயற்பியலாளர் ஆண்டர்சனோடு சேர்ந்து சொல்லிவிட்டாரே, எல்லாம் எலக்ட்ரான் சுழற்சிகளின் (ஸ்பின்) ஜோடிகள், மாட் மின்காப்பிலேயே ஜோடி ஒளிந்திருக்கிறது, போனான் எதற்கு என்பார். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் இருந்த அதே கணபதி பாஸ்கரன்தான், அந்தக் கட்டுரை மேல் எனக்கும் நிறைய மரியாதை. ஆனால் போனானை இவ்வளவு சீக்கிரம் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

காரணம் இதுதான். மடியில் உட்காரக்கூடாது என்ற தடையினால் எலக்ட்ரான் நகர்வதே குறுகிப்போகிறது, பஸ்ஸில் ஒரு காலி சீட்டு நகர்ந்து நகர்ந்து போகிற வேகம்தான். பக்கத்துப் பக்கத்துச் சுழற்சிகள் எதிரெதிராக நிற்க வேண்டும் என்ற கட்டாயத்தின் ஆற்றல் 0.1 எலக்ட்ரான் வோல்ட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இப்போது போனானின் 0.08-ஐப் பக்கத்தில் வையுங்கள். ஒரு ரூபாய் லஞ்சம் என்று கிண்டல் பண்ணினேனே, எட்டு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு எதிரில்தான் அது சில்லறை, அந்த எட்டு எலக்ட்ரான் வோல்ட் போட்ட கட்டுப்பாட்டுக்குள் நடக்கிற தினசரி வரவுசெலவில் அது பெரிய நோட்டு. மெதுவாக நகர்கிற ஓட்டைக்கு (அந்தக் காலி சீட்டுதான்) அணிக்கோவை வளைந்துகொடுக்க நேரம் கிடைக்கிறது, தன்னைச் சுற்றிய நெளிவைத் தானே சுமந்துகொண்டு போகிற போலரானாக மாறிவிடலாம். மறுபக்கம், சீட்டுக்கு ஒருவர் என்ற கட்டுப்பாடு மின்னூட்டம் ஓரிடத்தில் குவிவதைத் தடுப்பதால், குவிதலோடு சேர்ந்து ஆடுகிற அதிர்வுகளின் பிடி தளர்கிறது. ஒரே காரணம் ஒரு வகை இணைப்பைக் கூட்டுகிறது, இன்னொன்றைக் குறைக்கிறது. எது எவ்வளவு என்பது பொருளுக்குப் பொருள் மாறும்.

மாங்கனைட்டுகளைப் பாருங்கள், லாந்தனம் கால்சியம் மாங்கனீசு ஆக்சைடு. அங்கே 1996-ல் ஆக்சிஜன்-18 ஏற்றியபோது காந்தமாகும் வெப்பநிலையே இருபது டிகிரிக்கு மேல் நகர்ந்தது. மாங்கனீசைச் சுற்றிய ஆக்சிஜன் கூடு, எலக்ட்ரான் எந்த ஆர்பிட்டலில் இருக்கிறதோ அதற்கேற்ப நீண்டு நெளிகிறது, ஜான்-டெல்லர் விளைவு. அந்த அளவீட்டைச் செய்த குழுவில் அலெக்ஸ் முல்லரும் ஒருவர். ஆம், பெட்நார்ட்ஸோடு சேர்ந்து 1986-ல் சூரிக் பக்கத்து ஐபிஎம் ஆய்வகத்தில் முதல் குப்ரேட் மீக்கடத்தியைக் கண்டுபிடித்து அடுத்த வருடமே நோபல் வாங்கிய அதே முல்லர். அவர்கள் செம்பு ஆக்சைடைத் தேடிப்போனதே ஜான்-டெல்லர் மாதிரி வலுவான எலக்ட்ரான்-அணிக்கோவை இணைப்பு அங்கே இருக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான்! புதையலைக் காட்டிய வரைபடம் தப்பா சரியா என்று உலகம் இன்னும் தர்க்கம் பண்ணுகிறது. இந்தக் கதையைப் போட ஐந்தாம் பக்கத்தில் இடமில்லை, மெத்தைக்கு முழுப் பக்கம்.

குப்ரேட்டிலேயே பாருங்கள். ஆக்சிஜன் ஐசோடோப்பு விளைவு சிறியது என்றேனே, அது மாறுநிலை உச்சத்தில் இருக்கும் தட்டில். ஓட்டைகளைக் குறைத்து மாறுநிலை வெப்பத்தை இறக்க இறக்க அந்த விளைவு பெரிதாகிக்கொண்டே போகிறது. ஒளியால் எலக்ட்ரானை வெளியே தள்ளி அதன் ஆற்றலையும் திசையையும் அளக்கிற சோதனையில், 2001-ல் ஸ்டான்போர்ட் குழு பல குப்ரேட்டுகளில் 50 முதல் 80 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் ஒரு முறிவைக் காட்டியது, எலக்ட்ரான் எதையோ இழுத்துக்கொண்டு கனத்துப்போகிற இடம். அது போனான் என்றார்கள் அவர்கள். இல்லை, அதே பகுதியில் காந்த ஊசலாட்டங்களும் இருக்கின்றன என்றார்கள் மற்றவர்கள். நான் போனான் பக்கம் கொஞ்சம் சாய்கிறவன். முறிவைப் பற்றி மட்டும், ஜோடியைப் பற்றி அல்ல. ஜோடியின் வடிவம் நாலு இதழ்ப் பூ மாதிரி, திசைக்குத் திசை குறி மாறுகிறது என்பது தொண்ணூறுகளின் நடுவிலேயே உறுதியாகிவிட்டது. மெத்தைப் பள்ளத்தில் உருள்கிற ஜோடிக்கு அப்படியொரு வடிவம் வரவேண்டிய அவசியமே இல்லை.

கையேட்டில் மெத்தைப் படம்தான் வேண்டும் என்றால் அதற்குப் பொருத்தமான பொருள் இருக்கிறதே, மெக்னீசியம் டைபோரைடு, 2001-ல் ஜப்பானில் அக்கிமிட்சு குழு கண்டது, 39 கெல்வின், போரான் ஐசோடோப்பை மாற்றினால் மாறுநிலை ஒரு கெல்வின் நகர்கிறது, சுத்தமான போனான் சரக்கு. நைட்ரஜனில் அது மிதக்காது என்பதால் கிட் போட முடியாது, அது வேறு விஷயம்.

இதையெல்லாம் நாகரிகமாக, நம்புங்கள், நாகரிகமாகத்தான், மெயிலில் எழுதி அனுப்பினேன். 'உங்கள் மேலான கருத்துக்கு நன்றி, உரிய குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. மாத விலைப்பட்டியலும் கூடவே வரத் தொடங்கியது.

வாங்கலாமா? தாராளமாக. பள்ளி, கல்லூரி விழாவில் மிதக்கவிட்டுக் காட்ட மட்டும் என்றால் வெறும் தட்டு போதும், கம்பித் தட்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள். முதுநிலை லேப் என்றால் கம்பித் தட்டு கட்டாயம், ஐந்தாம் பக்கத்தை ஸ்டேப்ளர் போட்டு மூடிவிடுங்கள். நாங்கள் அதன் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, மாணவர்களின் செம்பு வரைபடத்தையும் தட்டு வரைபடத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருக்கிறோம். அப்புறம் ஈரம். இந்தப் பொருளுக்கு எமன் ஈரம்தான். நைட்ரஜனிலிருந்து எடுத்ததும் தட்டில் பனி படியும், அப்படியே பெட்டியில் போட்டு மூடினால் கதை முடிந்தது. எங்கள் வெறும் தட்டு ஒரு மழைக்காலத்தில் வெளிறி, காந்தத்தை அரை மனசோடு தூக்குகிற நிலைக்கு வந்தது அப்படித்தான். பல்பு வெளிச்சத்தில் நன்றாக உலர்த்தி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். கையேட்டில் இது ஒன்பதாம் பக்கம் அடியில், பொடி எழுத்தில் இருக்கிறது.

அந்தக் கைத்தட்டாத மாணவி போன வாரம் வந்து, ஆக்சிஜன்-18 ஏற்றிய தட்டு ஒன்று கிடைத்தால் ஐசோடோப்பு சோதனையை நாமே பண்ணலாமே சார் என்றாள். அரை கெல்வினை எங்கள் தெர்மோகப்பிள் பிடிக்குமா என்பது சந்தேகம்தான், இருந்தாலும் கேட்டு மெயில் போட்டேன். அப்படியொரு பொருள் எங்கள் பட்டியலில் இல்லை என்று மறுநாளே பதில் வந்தது. இந்த வாரம் கூரியரில் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் வந்திருக்கிறது, இலவசமாக. இடுக்கி இன்னும் எஃகுதான்.